டிரெய்லர் வீட்டுக்கு வெயிலும் காற்றும் தரும் கரண்ட்

"எத்தனை வாட் சோலார் பேனல் போடலாம்?" டிரெய்லரில் குடியிருக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேள்வியில் தப்பில்லை, ஆனால் அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட் செலவாகும் என்பது முதலாவது. வெயிலே இல்லாமல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் விடை கையில் இருந்தால் பேனல் கணக்கு ஐந்து நிமிட வேலை. இல்லாவிட்டால் ஒன்று தேவைக்கு மீறி வாங்கிக் குவிப்போம், அல்லது மூன்றாம் நாள் இரவு இருட்டில் உட்கார்ந்திருப்போம்.

காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் வீடு, மின் இணைப்பு உள்ள முகாமில் நின்றால் ஒரு ஒயரைச் செருகுவதோடு வேலை முடிந்துவிடும். ஏரிக்கரையிலோ மலைச்சரிவிலோ பாலைவெளியிலோ, கண்ணுக்கெட்டிய தூரம் மின்கம்பமே இல்லாத இடத்தில் தங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளியில் படித்த மின்சாரப் பாடம் மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. பெருக்கல் தெரிந்தால் போதும்.

செலவுக் கணக்கு

இரண்டு அளவுகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கருவி இந்த நொடியில் எவ்வளவு வேகமாகக் கரண்ட்டை இழுக்கிறது என்பது வாட். மொத்தத்தில் எவ்வளவு இழுத்தது என்பது வாட் மணி. டிரெய்லரில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: குழாயில் தண்ணீர் வரும் வேகம் வாட், மாலைக்குள் தொட்டியில் குறைந்த அளவு வாட் மணி. பேட்டரிதான் தொட்டி. மின்கட்டண ரசீதில் வரும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட் மணி.

30 வாட் ஃபேன் 8 மணி நேரம் ஓடினால் 240 வாட் மணி. 1,500 வாட் கெட்டில் 4 நிமிடம் ஓடினால் 100 வாட் மணி. பெரிதாகத் தெரியும் கெட்டில், இரவெல்லாம் சத்தமில்லாமல் ஓடும் ஃபேன் குடிப்பதில் பாதிகூடக் குடிப்பதில்லை. ஆனால் அந்த நான்கு நிமிடமும் கெட்டில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து, வழியில் வீணாவதையும் சேர்த்து, 130 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் (வாட்டை வோல்ட்டால் வகுத்தால் வருவது ஆம்பியர்). அதைத் தாங்கப் பெரிய இன்வெர்ட்டரும் தடித்த ஒயரும் வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டுப் ப்ளக்குக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றித் தருவதுதான் இன்வெர்ட்டர். வாட் எவ்வளவு என்பது ஒயரையும் இன்வெர்ட்டரையும் தீர்மானிக்கிறது. வாட் மணி எவ்வளவு என்பது பேட்டரியையும் பேனலையும் தீர்மானிக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இருவர் தங்கும் ஒரு சிறிய டிரெய்லரின் ஒரு நாளைப் பார்ப்போம். கம்ப்ரஸர் வைத்த 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 45 வாட் இழுக்கும், ஆனால் நாள் முழுக்க ஓடாது. விட்டுவிட்டு ஓடுவதால் ஒரு நாளைக்குச் சுமார் 450 வாட் மணி. மேலே சொன்ன ஃபேன் 240. ஐந்து வாட் எல்இடி விளக்குகள் நான்கு, ஐந்து மணி நேரம்: 100. தண்ணீர் பம்ப் 60 வாட்தான், மொத்தமே கால் மணி நேரம் ஓடும்: 15. லேப்டாப் நாலு மணி நேரம்: 200. இரண்டு செல்போன்கள்: 30. கூட்டினால் 1,035. ஒயரிலும் பேட்டரியிலும் வீணாவதைச் சேர்த்து 1,200 என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஒன்றேகால் யூனிட்டுக்குள் ஒரு குடும்பம் நடக்கிறது!

இந்தப் பட்டியலில் இன்வெர்ட்டர் இல்லை, கவனித்தீர்களா? அதில் எதையுமே மாட்டாமல் சும்மா ஆன் செய்து வைத்தாலே பெரிய இன்வெர்ட்டர் ஒன்று 20 வாட் வரை தின்னும். 20 வாட், 24 மணி நேரம்: 480 வாட் மணி. ஃப்ரிட்ஜுக்கு ஆகும் செலவைவிட அதிகம். முடிந்தவரை எல்லாவற்றையும் நேரடியாக 12 வோல்ட்டிலேயே ஓட்டுங்கள். லேப்டாப்புக்குக்கூட 12 வோல்ட் சார்ஜர் கிடைக்கிறது. இன்வெர்ட்டரைத் தேவைப்படும்போது போட்டு, வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம்.

ஃப்ரிட்ஜ் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. பழைய டிரெய்லர்களில் கேஸ், வீட்டு மின்சாரம், 12 வோல்ட் என்று மூன்று வழியிலும் ஓடும் ஃப்ரிட்ஜ் இருக்கும். அதில் கம்ப்ரஸர் கிடையாது, சூட்டினால் குளிரவைக்கும் வகை. 12 வோல்ட்டில் விட்டால் இடைவிடாமல் 120 வாட்டுக்கு மேல் இழுத்து, நாளுக்கு மூன்று யூனிட் அளவில் காலி செய்துவிடும். வண்டி ஓடும்போது மட்டும் அது 12 வோல்ட்டில் இருக்கட்டும். நிறுத்தியதும் கேஸுக்கு மாற்றுங்கள். அந்த வகை சமதளத்தில் நின்றால்தான் சரியாகக் குளிரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏசி, ஹீட்டர், மின்சார அடுப்பு ஆகியவற்றை இந்தக் கணக்கிலேயே சேர்க்காமல் இருப்பது நல்லது. 1,200 வாட் ஏசி ஒரு மணி நேரம் ஓடினால் மேலே சொன்ன ஒரு முழு நாளின் செலவு போய்விடும். சமையலும் சூடேற்றுவதும் கேஸில் நடக்கட்டும். வெக்கைக்கு நிழலும் ஃபேனும்தான் துணை. சோலாரில் ஏசி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கூரை முழுக்கப் பேனலும் கட்டிலுக்கடியில் பேட்டரி வரிசையும் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். தொடக்கத்திலேயே அதற்கு ஆசைப்படுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேட்டரி: இரவுக்கும் மழைக்கும்

வெயில் பகலில் வருகிறது, ஃபேனும் விளக்கும் இரவில் ஓடுகின்றன. நடுவில் சேமித்து வைக்க பேட்டரி. அதன் மேல் 100 ஆம்பியர் மணி என்று போட்டிருந்தால், வோல்ட்டால் பெருக்கினால் வாட் மணி வந்துவிடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைக்கு 12.8 வோல்ட் என்பதால் 1,280 வாட் மணி. ஈய அமில பேட்டரிக்குச் சுமார் 1,200.

எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. ஈய அமில பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் சட்டென்று குறையும். அதனால் 600 வாட் மணிதான் நம் கைக்கு வரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 90 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். நம் டிரெய்லருக்கு வெயிலற்ற இரண்டு நாள் தாக்குப்பிடிக்க 2,400 வாட் மணி வேண்டும். ஈய அமிலத்தில் 100 ஆம்பியர் மணி பேட்டரி நான்கு, ஒவ்வொன்றும் சுமார் 30 கிலோ, ஆக 120 கிலோ. லித்தியத்தில் இரண்டே ஏறக்குறையப் போதும், இரண்டும் சேர்ந்து 25 கிலோ அளவில் முடிந்துவிடும். டிரெய்லருக்கு ஏற்றும் எடை வரம்பு உண்டு. கொக்கியின் மேல் விழும் பாரமும் கூடக்கூட ஓட்டுவது சிரமமாகும். தொடக்கத்தில் விலை கூடுதலாகத் தெரிந்தாலும் டிரெய்லர் வாழ்க்கைக்கு லித்தியம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஈய அமில பேட்டரி கடைசி 20 சதவீதம் நிறைவதற்கு மணிக்கணக்கில் மெதுவாக இழுக்கும். குளிர்காலத்துக் குட்டைப் பகலில் அது முழுதாக நிறைவதற்குள் சூரியன் இறங்கிவிடும். நாள்கணக்கில் அரைகுறையாகவே இருந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரி கெட்டுப்போகும். லித்தியம் அரைகுறையாக இருப்பதைப் பொருட்படுத்தாது.

லித்தியத்துக்கு ஒரே பலவீனம் குளிர். பேட்டரியின் வெப்பநிலை பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும். கரண்ட்டை எடுத்துக்கொள்ளலாம், ஏற்றத்தான் கூடாது. நல்ல பேட்டரிகளில் உள்ள பாதுகாப்புச் சுற்று தானே தடுத்துவிடும் என்றாலும், வாங்கும்போது அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். உறைபனி உள்ள இடங்களில் பேட்டரியை வெளிப்பெட்டியில் வைக்காமல் வீட்டுக்குள் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஈய அமில பேட்டரியில் அப்படிச் செய்யக் கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அதற்கு வெளிக்காற்று வேண்டும்.

பேனலில் எழுதியிருக்கும் வாட்

100 வாட் பேனல் என்றால் வெயிலில் வைத்ததும் 100 வாட் வரும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த எண் ஒரு சோதனை அறையின் எண். சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி, ஒளி நேராக விழுகிறது என்ற நிலையில் அளந்தது. உச்சி வெயிலில் கூரை மேல் உள்ள கருப்புப் பேனலின் செல் 60 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறைவதால், சூட்டினாலேயே எட்டில் ஒரு பங்கு போய்விடும். கூரையில் பேனலைப் பதிக்கும்போது அடியில் காற்றோடும் இடைவெளி விடுவது இதனால்தான். ஒட்டிவிடும் வளையும் பேனல்கள் இலேசாக இருந்தாலும் இந்தக் காரணத்தாலேயே எனக்கு அவ்வளவு பிடிக்காது.

நாள் கணக்குக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. காலை இளவெயில், நடுப்பகல், மாலை மங்கல் எல்லாவற்றையும் சேர்த்து, முழு வெயில் எத்தனை மணி நேரத்துக்குச் சமம் என்று பார்ப்பது. நல்ல பருவத்தில் நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். சூடு, தூசி, ஒயர் எல்லாவற்றாலும் கால்வாசி போனால் மிச்சம் 75 சதவீதம். நமக்குத் தேவை 1,200 வாட் மணி. அதை 4.5-ஆலும் 0.75-ஆலும் வகுத்தால் சுமார் 355 வாட் வருகிறது. 400 வாட் பேனல் வைத்தால் போதும். ஆனால் பூமத்திய ரேகையிலிருந்து விலகிய இடங்களில் குளிர்காலத்தில் அந்த நாலரை மணி ஒன்றரையாகச் சுருங்கிவிடும். அப்போது அதே 400 வாட் பேனலில் 450 வாட் மணிதான் கிடைக்கும், ஃப்ரிட்ஜுக்கு மட்டுமே சரியாகும்.

கூரையில் நிரந்தரமாக வைப்பதா, தூக்கிச் செல்லும் மடக்குப் பேனலா? இரண்டுக்கும் தனித்தனிப் பலம் உண்டு. கூரைப் பேனலை ஒருமுறை வைத்தால் போதும், வண்டி ஓடும்போதும் சார்ஜ் ஏற்றும், யாரும் எளிதில் தூக்கிப்போக முடியாது. ஆனால் டிரெய்லர் நிழலில் நின்றால் அதுவும் நிழலில்தான். வெயில் காலத்தில் நாம் தேடுவதே மரத்தடியை. மடக்குப் பேனலை மட்டும் ஒயர் நீளத்துக்கு வெளியே வெயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டு நாம் நிழலில் இருக்கலாம்.

சூரியனுக்கு நேராகத் திருப்பவும் முடியும். சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, படுக்கவைத்த கூரைப் பேனல் நேரடி ஒளியில் பாதியைத்தான் பிடிக்கும், நிமிர்த்தி வைத்த பேனல் முழுதாகப் பிடிக்கும். காலையில் கிழக்கே, மதியம் நடுவானை நோக்கி, பிறகு மேற்கே என்று மூன்றுமுறை திருப்பினாலே நல்ல வித்தியாசம் தெரியும். திருப்பிவிட்டுப் பலத்த காற்றுக்குப் பயந்து கால்களை முளையடித்துக் கட்டுங்கள், அல்லது தண்ணீர்க் கேனைத் தொங்கவிடுங்கள். மல்லாந்து விழுந்து கண்ணாடி உடைந்த பேனலை யாராலும் பழுதுபார்க்க முடியாது. 400 வாட்டில் 200 கூரையில், 200 கையில் என்று பிரித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

நிழலைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்கமான 100 வாட் பேனலில் 36 செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் கோத்திருக்கும். அத்தனை செல்லிலும் ஓடுவது ஒரே கரண்ட். ஒரு செல்லை ஒரு பெரிய இலை மூடினால் அது வரிசை முழுவதையும் அடைக்கும். இதற்காகவே பின்பக்கப் பெட்டியில் டயோடுகள் வைத்திருப்பார்கள். அடைபட்ட பாதியைச் சுற்றிக்கொண்டு மறுபாதியின் கரண்ட் போகும். ஆனால் 18 வோல்ட் வந்த பேனல் அப்போது 9 வோல்ட்தான் தரும். 12 வோல்ட் பேட்டரிக்குள் 9 வோல்ட்டால் நுழையவே முடியாது. ஓர் இலை, ஏறக்குறைய முழு நஷ்டம். கூரையில் ஏசி பெட்டியின் நிழலோ ஆன்டெனாவின் நிழலோ நாள் முழுக்க எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுப் பேனலுக்கு இடம் குறியுங்கள்.

கன்ட்ரோலரும் ஒயரும்

பேனலை நேராக பேட்டரியில் மாட்டக் கூடாது. நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும். இதில் பிடபிள்யூஎம், எம்பிபிடி என்று இரண்டு வகை. முதல் வகை எளிமையானது. பேனலின் வோல்ட்டை பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்து இறக்கிவிடும். 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும் 100 வாட் பேனல், 13 வோல்ட்டில் அதே 5.5 ஆம்பியரைத் தந்தால் 71 வாட்தான். எம்பிபிடி வகை கூடுதல் வோல்ட்டைக் கூடுதல் ஆம்பியராக மாற்றிக் கொடுப்பதால், அதே ஒளியில் 90 வாட்டுக்கு மேல் பேட்டரிக்குள் போகும். விலை கூடுதல், ஆனால் டிரெய்லரில் இடம் குறைவு. இன்னொரு பேனல் வைக்க இடம் தேடுவதைவிட இது சுலபம். கூரைப் பேனலும் கைப்பேனலும் வெவ்வேறு கோணத்தில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கன்ட்ரோலர் இருப்பது நல்லது. மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

மடக்குப் பேனல்கள் பலவற்றில் கன்ட்ரோலரைப் பேனலின் முதுகிலேயே ஒட்டி விற்கிறார்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு அது வசதியாகத் தெரியும். எனக்கு அதில் உடன்பாடில்லை, காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன். பேனல் டிரெய்லரிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கிறது. கரண்ட் போய்த் திரும்ப 20 மீட்டர் செம்பு. 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 11 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். பேனல் முதுகில் உள்ள கன்ட்ரோலர் தன் இடத்தில் 14.4 வோல்ட்டைப் பார்த்து, பேட்டரி நிறையப் போகிறது என்று எண்ணிக் கரண்ட்டைக் குறைக்கத் தொடங்கும். பேட்டரிக்கு வந்து சேர்வதோ 13.4. நல்ல வெயிலிலும் சார்ஜ் இழுத்துக்கொண்டே போவதற்கு இதுவே காரணம். இரண்டு பேனலைத் தொடராக இணைத்து 36 வோல்ட்டாகக் கொண்டுவந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் எம்பிபிடி கன்ட்ரோலரை வைத்தால், அதே ஒயரில் இழப்பு ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும். தொடராக இணைக்கும்போது கன்ட்ரோலர் தாங்கும் உச்ச வோல்ட்டை மட்டும் சரிபாருங்கள். குளிரில் பேனலின் வோல்ட் கூடும், அதற்கும் இடம் விட்டிருக்க வேண்டும்.

எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிய பவர் ஸ்டேஷன்களும் உண்டு. பேட்டரி, கன்ட்ரோலர், இன்வெர்ட்டர் மூன்றும் உள்ளே. வாரக்கடைசிப் பயணத்துக்கு அது போதும். மாதக்கணக்கில் தங்குவதென்றால், ஒரு பாகம் பழுதானால் மொத்தப் பெட்டியும் முடங்கும் என்பதை யோசித்து வாங்குங்கள்.

காற்றாலை: எங்கே உதவும், எங்கே உதவாது

வெயில் இல்லாத இரவிலும் மழைமேகத்திலும் காற்று வீசுகிறதே, ஒரு குட்டிக் காற்றாலையை நட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆசை நியாயமானது. ஆனால் காற்றின் கணக்கு வெயிலின் கணக்கைவிடக் கடுமையானது.

காற்றில் உள்ள சக்தி அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு, வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்கு. அதிலும் இறக்கைகளால் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. காற்று முழுக்க நின்றுவிட்டால் பின்னால் வரும் காற்றுக்கு வழியே இருக்காது. அதிகபட்சம் 59.3 சதவீதம்தான் எடுக்க முடியும் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919-இல் கணக்கிட்டார். சிறிய காற்றாலைகள் நடைமுறையில் அதில் பாதியளவு எடுத்தாலே நல்லது.

1.2 மீட்டர் விட்டமுள்ள, 400 வாட் என்று எழுதியிருக்கும் ஒரு காற்றாலையை எடுத்துக்கொள்வோம். அந்த 400 வாட் கிடைப்பது காற்று நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வீசும்போது. பெரிய கிளைகள் ஆடும், குடையைப் பிடித்து நிற்பது சிரமம், அப்படிப்பட்ட காற்று. நொடிக்கு 8 மீட்டரில் அதே காற்றாலை 100 வாட் தரும். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசையும் இதமான காற்று நொடிக்கு 4 மீட்டர். அதில் கிடைப்பது 12 அல்லது 13 வாட். அந்தக் காற்று இரவும் பகலும் ஒரு நிமிடம்கூட ஓயாமல் வீசினாலும் நாளுக்கு 300 வாட் மணி. நல்ல வெயிலில் ஒரேயொரு 100 வாட் பேனலே அதைத் தந்துவிடும். அதற்குத் தூணும் வேண்டாம், கம்பியும் வேண்டாம்.

இடமும் இதற்கு எதிராக நிற்கிறது. நாம் டிரெய்லரை நிறுத்தத் தேடுவது காற்று அடிக்காத ஒதுக்கமான இடத்தை. மரங்களும் பாறைகளும் காற்றைத் தடுப்பதோடு சுழலவும் விடும். சுழல்காற்றில் காற்றாலை திசை மாறி மாறித் தவிக்குமே தவிர கரண்ட் தராது. சுற்றிலும் 150 மீட்டருக்குள் உள்ள எந்தத் தடையையும்விட 9 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது சிறு காற்றாலைகளுக்கான பொது விதி. தூக்கிச் செல்லும் தூணில் இதைச் சாதிக்க வேண்டுமானால் தடையே இல்லாத வெட்டவெளியில்தான் நிறுத்த வேண்டும். பாய்மரப் படகுகளில் இதே சிறு காற்றாலைகள் நன்றாக வேலை செய்வதற்குக் காரணம், கடலில் மரம் இல்லை.

சிலர் கேட்பார்கள்: வண்டி ஓடும்போது காற்று நன்றாக அடிக்கிறதே, கூரையில் சுழலவிட்டால் இலவசக் கரண்ட் கிடைக்காதா? கிடைக்காது. அந்தக் காற்றை உண்டாக்குவதே இழுக்கும் வண்டியின் எஞ்சின். இறக்கைகள் எடுக்கும் சக்திக்கு மேலேயே எரிபொருள் செலவாகும்.

அப்படியானால் யாருக்கு உதவும்? திறந்த கடற்கரையிலோ சமவெளியிலோ பீடபூமியிலோ வாரக்கணக்கில் ஒரே இடத்தில் தங்குகிறவர்களுக்கு. முக்கியமாக, பகல் குட்டையான குளிர்காலத்தில். வெயில் மங்கும் புயல் நாள்களில்தான் காற்று பலமாக இருக்கும் என்பதால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். வாங்குமுன் கையடக்கமான காற்றுவேகமானி ஒன்றை வாங்கி, நீங்கள் வழக்கமாகத் தங்கும் இடங்களில் கம்பு நுனியில் கட்டி அளந்து பாருங்கள். நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டும் நாள்கள் அரிதாக இருந்தால் அந்தப் பணத்தில் இன்னொரு பேனல் வாங்குவதே நல்லது.

வைப்பதென்று முடிவு செய்தால் தூணை டிரெய்லரில் கட்டாதீர்கள். அதிர்வு சட்டத்தின் வழியாக இறங்கி வீடே முனகும், தூங்க முடியாது. தனியாகத் தரையில் நட்டு, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, ஒருவர் நின்று சாய்த்து இறக்கும்படி அடியில் கீல் வைத்திருக்க வேண்டும். இறக்கை நுனியின் வேகம் காற்றின் வேகத்தைப் போல ஐந்தாறு மடங்கு இருக்கும். நொடிக்கு 10 மீட்டர் காற்றில் அது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொடும். ஆள் உயரத்தில் ஒருபோதும் சுழலவிடக் கூடாது.

சோலாருக்கும் காற்றாலைக்கும் உள்ள மிக முக்கியமான வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். பேட்டரி நிறைந்ததும் பேனலின் தொடர்பைத் துண்டித்துவிடலாம், அது வெயிலில் சும்மா கிடக்கும். காற்றாலையைத் துண்டித்தால் சுமை இல்லாமல் கட்டுக்கடங்காத வேகத்தில் சுழன்று இறக்கை பிய்ந்து பறக்கலாம். அதனால் சோலார் கன்ட்ரோலரில் காற்றாலையை மாட்டவே கூடாது. அதற்கென உள்ள கன்ட்ரோலர், மிஞ்சும் கரண்ட்டை ஒரு சூடேற்றும் மின்தடைக்குத் திருப்பிவிடும். கூடவே ஒரு நிறுத்தும் சுவிட்சும் வேண்டும். காற்றாலையிலிருந்து வரும் மூன்று ஒயர்களையும் அது ஒன்றாகச் சேர்த்துவிட்டால், ஜெனரேட்டரே பிரேக்காக மாறி இறக்கை மெதுவாகிவிடும். காற்று அடங்கியிருக்கும்போதே அதைப் போட்டுப் பழகுங்கள். புயல் வரும் என்று தெரிந்தால் சுவிட்சை நம்பியிராமல் தூணையே இறக்கி வைத்துவிடுங்கள்.

வெயிலும் இல்லை, காற்றும் இல்லை

மூன்று நாள் மூடாப்பு போட்டால்? நம்மிடம் ஏற்கெனவே ஒரு ஜெனரேட்டர் இருக்கிறது: இழுக்கும் வண்டி. டிரெய்லர் ப்ளக் வழியாக வரும் மெல்லிய ஒயரில் சில ஆம்பியர்தான் வந்து சேரும். தடித்த ஒயர் போட்டு, வண்டியிலிருந்து வரும் கரண்ட்டை டிரெய்லர் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றித் தரும் டிசி டிசி சார்ஜர் ஒன்றை பேட்டரிக்கு அருகில் வைத்தால் 25 ஆம்பியர் ஏறும். மூன்று மணி நேரப் பயணத்தில் ஏறக்குறைய ஒரு யூனிட். ஐந்து நாளைக்கு ஒருமுறை இடம் மாறுகிறவர்களுக்கு, மொத்தத்தில் இது காற்றாலையைவிடப் பயன்படும் என்பேன்.

கடைசியாக ஃபியூஸ். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஒயர் சிவந்து எரியச் சில நொடிகள் போதும், டிரெய்லரின் சுவரோ மரமும் நுரையும். வீட்டு மின்சாரத்துக்கான பிரேக்கரை இங்கே போடக் கூடாது. பேட்டரி தரும் நேர்மின்சாரத்தில் (டிசி) பொறி தானாக அணையாது, அதற்கென்று தரம் குறித்த பிரேக்கரும் ஃபியூஸுமே வேண்டும். இந்த ஒரு வேலையில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுங்கள்.

வாங்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பேட்டரி, ஃபியூஸ், கூடவே ஷன்ட் (ஓடும் கரண்ட்டை அளக்க உதவும் பாகம்) வைத்த பேட்டரி மானிட்டர். லித்தியத்தின் வோல்ட் கிட்டத்தட்ட காலியாகும் வரை 13 வோல்ட் பக்கத்திலேயே நிற்கும் என்பதால் வோல்ட்மீட்டரை வைத்து மிச்சத்தைச் சொல்ல முடியாது. போவதையும் வருவதையும் எண்ணும் மானிட்டர்தான் சொல்லும். இரண்டாவது, 200 வாட் மடக்குப் பேனலும் எம்பிபிடி கன்ட்ரோலரும். இதோடு ஒரு வாரம் தங்கிப் பாருங்கள். தினமும் காலையில் எழுந்ததும் மானிட்டரில் உள்ள சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாள் அது இறங்கிக்கொண்டே போனால் கூரையில் அடுத்த 200 வாட். அதே எண்ணில் நின்றால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.